டாக்டர் வருவதற்கு முந்தைய ரெண்டு நிமிஷம்

ராத்திரி ரெண்டு மணிக்குக் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி வார்டில் யார் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஸ்டாஃப் நர்ஸ். கூட ஒரு டிரெய்னி பெண். வராண்டாவில் ஒரு அட்டெண்டர். டியூட்டி டாக்டர் கீழே கேஷுவாலிட்டியில் வேறொரு கேஸில் இருப்பார், பெரிய டாக்டர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார், இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் எட்டாம் பெட்டில் படுத்திருப்பவரின் இதயம் நின்றுவிட்டால் முதலில் அவர் பக்கத்தில் போய் நிற்கப்போவது அந்த நர்ஸ்தான். நெஞ்சை அமுக்கியும் மூச்சு கொடுத்தும் ரத்தத்தை ஓட வைக்கும் சிபிஆர் அவருக்குத் தெரியுமா, தெரிந்தாலும் யாரும் சொல்லாமலே கையை வைப்பாரா, இதில்தான் அந்த நோயாளி பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் தீர்மானமாகிறது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ்களையும் நர்சிங் படிக்கும் பிள்ளைகளையும் மனசில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுப் பெரியவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களும் படிக்கலாம், உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் புரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஹார்ட் அட்டாக் என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. அந்த ஆள் பேசுவார், நெஞ்சு வலிக்கிறது என்பார், வியர்த்துக் கொட்டும், ஆனால் இதயம் ஓடிக்கொண்டிருக்கும். இதயம் நின்றுபோவது வேறு. அதில் ரத்த ஓட்டமே நின்றுவிடுகிறது, சில நொடிகளில் நினைவு போய்விடும். அட்டாக் முற்றி இதயம் நிற்கலாம்தான், ஆனால் நிற்பதற்கு அட்டாக் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. டயாலிசிஸ் தள்ளிப்போய்ப் பொட்டாசியம் ஏறியவருக்கு நிற்கும், நிமோனியாவில் ஆக்சிஜன் இறங்கியவருக்கு நிற்கும், பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போன தாய்க்கு நிற்கும். சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு நெஞ்சில் முட்டி, கிழிந்த நுரையீரலிலிருந்து கசிந்த காற்று நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டவருக்கும் நிற்கும். ஆக ‘இது கார்டியாக் வார்டுக்காரர்கள் சமாச்சாரம்’ என்று எந்த நர்ஸும் ஒதுங்க முடியாது. ஆர்த்தோ வார்டில் நடக்கும், கண் ஆபரேஷன் நடக்கிற இடத்திலும் நடக்கும்.

நின்றதும் கணக்கு ஓட ஆரம்பித்துவிடுகிறது. நாலிலிருந்து ஆறு நிமிஷத்துக்குள் மூளை சேதமாகத் தொடங்கும். நெஞ்சில் மின்சார ஷாக் கொடுத்துச் சரிசெய்யக்கூடிய வகையாக இருந்தால், ஒன்றும் செய்யாமல் விடும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. யாராவது நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தால் அந்தச் சரிவு 3, 4 சதவீதமாக மட்டுப்படும். டாக்டர் மாடிப்படி ஏறி வர அஞ்சு நிமிஷம் என்று வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நெஞ்சை அமுக்கினால் என்னதான் ஆகிறது? நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் இதயம் இருக்கிறது. மேலே அமுக்கும்போது இதயமும் நெஞ்சுக்கூடும் நசுங்கி ரத்தம் வெளியே போகும், கையை விடும்போது நெஞ்சு விரிந்து ரத்தம் திரும்ப உள்ளே வரும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சாதாரணமாக இதயம் அனுப்பும் ரத்தத்தில் கால்வாசிதான் போகும், மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கால்வாசியை வைத்துத்தான் மூளையையும் இதயத்தையும் இழுத்துப் பிடிக்கிறோம். நம்ம ஊர் அடிபம்பு ஞாபகம் இருக்கிறதா? முதல் சில அடிக்குத் தண்ணீர் வராது, காற்றுதான் வரும். விடாமல் அடித்தால் மேலே ஏறி வரும். நடுவில் கையை எடுத்துவிட்டால் சரசரவென்று கீழே இறங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற குழாய்களில் அழுத்தம் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், நிறுத்தினால் சட்டென்று விழும். சிபிஆரில் ‘நிறுத்தாதே, நிறுத்தாதே’ என்று தொண்டை வறளக் கத்துவது இதனால்தான்.

வெளியிலிருந்து நெஞ்சை அமுக்கியே ரத்தத்தை ஓட வைக்கலாம் என்பது 1960இல்தான் மருத்துவ இதழில் ஒழுங்காக எழுதப்பட்டது, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில். எழுதிய மூன்று பேரில் மூத்தவரான கோவென்ஹோவன் டாக்டர் இல்லை, எலக்ட்ரிக்கல் எஞ்சினியர்! நாய்களை வைத்து ஷாக் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது கனமான பேடை நெஞ்சில் அழுத்தியதும் ரத்த அழுத்தம் ஏறியதை அவருடைய மாணவர் நிக்கர்பாக்கர் கவனித்ததில் ஆரம்பித்த கதை அது. அதற்கு முன்பெல்லாம் நெஞ்சைத் திறந்து கையை உள்ளே விட்டு இதயத்தைப் பிசைய வேண்டும். இன்று சாதாரண வார்டில் ஒரு நர்ஸ் வெறும் கையால் செய்கிறார் என்றால் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சரி, வார்டுக்கு வருவோம். இதயம் நின்றுவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தோளைத் தட்டி, சத்தமாகக் கூப்பிட வேண்டும். “ஆச்சி! ஆச்சி, கண்ணைத் திறங்க!” பதில் இல்லை. உடனே கூட இருப்பவரைக் குரல் கொடுத்து அழைத்துவிட்டு, மூச்சு இருக்கிறதா என்று நெஞ்சைப் பார்த்துக்கொண்டே கழுத்தில் நாடியைத் தொட வேண்டும். ரெண்டும் ஒரே நேரத்தில், 10 நொடிக்குள். நாடி இருக்கிற மாதிரியும் இருக்கிறது இல்லாத மாதிரியும் இருக்கிறது என்றால், இல்லை என்றே வைத்துக்கொண்டு அமுக்க ஆரம்பித்துவிடுங்கள். அனுபவசாலிகளே இந்த நாடியில் ஏமாறுகிறார்கள், பதற்றத்தில் தன் விரல் துடிப்பையே நோயாளியின் நாடி என்று நினைத்துவிடுவார்கள். நாடி இருப்பவருக்குக் கொஞ்சம் அமுக்கிவிட்டால் பெரிய கெடுதல் வந்துவிடாது, இல்லாதவருக்கு அமுக்காமல் விட்டால் ஆள் போய்விடுவார்.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன, மூன்றிலும் ஆட்கள் விழுவதைப் பார்க்கிறேன். ஒன்று, ‘இழுப்பு’. வாயைத் திறந்து திறந்து, நீண்ட இடைவெளி விட்டு, மீன் மாதிரி இழுப்பது. சொந்தக்காரர்கள் “மூச்சு வருது சிஸ்டர், மூச்சு இழுக்குது” என்பார்கள், நர்ஸும் நம்பி ஆக்சிஜன் மாஸ்கை மாட்டிவிட்டு நிற்பார். அது மூச்சே கிடையாது. ரத்தம் போகாத மூளைத்தண்டின் கடைசி அசைவு, அமுக்க ஆரம்பிக்க வேண்டிய அறிகுறி. ரெண்டாவது, இதயம் நின்ற முதல் சில நொடிகளில் கை கால் வெட்டி இழுக்கலாம். உடனே ‘ஃபிட்ஸ்’ என்று முடிவுகட்டி, கூட இருக்கும் யாராவது சாவிக்கொத்தைக் கையில் திணிக்கப் போய்விடுவார்கள், நர்ஸ் வலிப்பு ஊசியைத் தேடப் போய்விடுவார். வெட்டல் நின்றதும் நாடியையும் மூச்சையும் பாருங்கள், அதுதான் முதல் வேலை. மூன்றாவது பொறி நம்ம கையிலேயே இருக்கிறது: மெஷின். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் எண் காட்டவில்லை என்றால் “ப்ரோப் சரியில்லை” என்று அடுத்த விரலில் மாட்டுவோம், அதுவும் காட்டாது, பிபி மெஷினைக் கொண்டுவந்து கட்டுவோம், அது ‘எரர்’ என்னும், ஈசிஜி எடுக்கலாமா என்று யோசிப்போம். அந்த மெஷின்கள் எல்லாம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கூப்பிட்டால் பதில் சொல்லாத நோயாளிக்கு பிபி பார்ப்பது நேரத்தை வீணடிக்கும் வேலை.

அடுத்தது உதவிக்கு அழைப்பது. பெரிய ஆஸ்பத்திரிகளில் ‘கோட் ப்ளூ’ என்று மைக்கில் சொன்னால் ஒரு டீமே ஓடி வரும். நம்ம பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் ஒரு போன்தான். அந்தப் போனில் என்ன சொல்கிறோம் என்பது முக்கியம். “சார், எட்டாம் பெட் பேஷன்ட் சீரியஸா இருக்காரு” என்றால் மறுமுனையில் “பிபி எவ்வளவு? சுகர் பார்த்தீங்களா?” என்று கேள்வி வரும், அது நியாயமான கேள்விதான், சீரியஸ் என்றால் ஆயிரம் அர்த்தம். “சார், மூணாவது வார்டு, எட்டாம் பெட், நாடி இல்லை, சிபிஆர் ஆரம்பிச்சாச்சு, உடனே வாங்க.” இவ்வளவுதான். இதைப் போனில் சொல்வதும் அமுக்குபவர் இல்லை, கூட இருக்கும் டிரெய்னியோ அட்டெண்டரோ. முதல் நர்ஸின் கை நெஞ்சை விட்டு எடுக்கப்படக் கூடாது.

இப்போது அமுக்குவது. நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், நெஞ்சின் நடுவில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து மற்ற கையை அதன்மேல் கோத்துக்கொண்டு, முழங்கை மடங்காமல், தோள் நேராகக் கைக்கு மேலே வரும்படி. ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர், 6ஐத் தாண்ட வேண்டாம். வேகம் நிமிஷத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அமுக்கலுக்கும் பிறகு நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விட வேண்டும், கை அங்கேயே இருக்கலாம், ஆனால் உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்க்கக் கூடாது. பரீட்சையில் கேட்டால் இந்த எண்களைப் பாதிப் பேருக்கு மேல் சொல்லிவிடுவார்கள், கட்டிலுக்கு வந்தால்தான் தகராறு.

என்ன தகராறு? கட்டில் உயரம், நம்ம பிள்ளைகள் பலர் அஞ்சடிக்குச் சற்று மேலே கீழே. தரையில் நின்றுகொண்டு கையை நீட்டினால் முழங்கை மடங்கும், கைபலத்தில் அமுக்குவார்கள், அரை நிமிஷத்தில் சோர்ந்து ஆழம் குறையும். நோயாளி கட்டிலில் ஏறுவதற்கென்று கீழே ஒரு இரும்பு ஸ்டெப் கிடக்கும் பாருங்கள், காலால் அதை இழுத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். அது இல்லையென்றால் கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பக்கவாட்டுக் கம்பியை இறக்குங்கள், தலையணையை எடுத்து எறியுங்கள். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டை முதுகுப்பக்கம் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் அது நோயாளி முகத்தில் அடிக்கும்.

அப்புறம் மெத்தை. ஸ்பாஞ்ச் மெத்தையில் அமுக்கினால் நாம் 5 சென்டிமீட்டர் என்று நினைப்பதில் ஒரு பங்கு மெத்தைக்குப் போய்விடும். முதுகுக்குக் கீழே ஒரு பலகை வேண்டும். சில கட்டில்களில் தலைமாட்டுப் பலகையே கழன்று வரும், உங்கள் வார்டுக் கட்டிலில் வருமா என்று நாளைக்கே போய் இழுத்துப் பாருங்கள். படுக்கைப்புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை போட்டிருப்பார்கள், அதில் சிபிஆர் என்று எழுதிய ஒரு பட்டையோ வால்வோ இருக்கும், இழுத்தால் காற்று உடனே இறங்கும். அது எதற்கு என்று தெரியாமலே வருஷக்கணக்காக அந்த மெத்தையில் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் பலகை வரும்வரை காத்திருக்காதீர்கள். முதலில் அமுக்க ஆரம்பியுங்கள், பலகை வந்ததும் ஒரு நொடி புரட்டிச் செருகிக்கொள்ளலாம். நோயாளியைத் தரைக்கு இறக்குவதும் வேண்டாத வேலை, அதில் நேரமும் போகும், டியூபும் பிடுங்கிக்கொள்ளும்.

எண்ணுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வேகமாகப் போகும் நம்ம எண்ணிக்கை பத்தைத் தாண்டியதும் ‘பதினேழு, இருபத்தெட்டு’ என்று நீளும், கூடவே கையும் மெதுவாகும். ஒன்றிலிருந்து பத்து வரை மூன்று தடவை எண்ணுங்கள், முப்பது ஆகிவிடும், வேகமும் குறையாது.

விலா எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்கும். வயசானவர்களுக்குக் கட்டாயம் கேட்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கை தானாக நின்றுவிடும், பயப்படாமல் இருக்க முடியாது. கை இருக்கும் இடம் சரிதானா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தொடருங்கள். உடைந்த விலா ஆறும்.

முப்பது அமுக்கலுக்கு ரெண்டு மூச்சு. வார்டில் அதற்குக் கையால் நசுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக் இருக்கிறது, வாயோடு வாய் வைக்க வேண்டிய தேவை வராது. தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மாஸ்கை முகத்தில் காற்று கசியாமல் பிடித்து, ஒரு நொடியில் ஒரு அமுக்கு, நெஞ்சு லேசாக எழும்பினால் போதும். பலர் பையை முழுசாக நசுக்குவார்கள், வேகமாகவும் நசுக்குவார்கள், பதற்றத்தில் நிமிஷத்துக்கு 30, 40 மூச்சு போய்விடும். நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் அதிகக் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும், நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். மூச்சுக்குழாயில் டியூப் போட்டாகிவிட்டது என்றால் முப்பதுக்கு ரெண்டு கணக்கு கிடையாது, அமுக்குபவர் நிறுத்தாமல் அமுக்க, பேக் பிடிப்பவர் 6 நொடிக்கு ஒரு மூச்சு.

வீட்டிலோ பஸ் ஸ்டாண்டிலோ நடந்தால் பயிற்சி இல்லாதவர்கள் மூச்சைப் பற்றிக் கவலைப்படாமல் அமுக்கினாலே போதும் என்று 2017இல் இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சார்பில் வெளியான வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. வார்டில் கருவி கையில் இருக்கும்போது நர்ஸுக்கு அது பொருந்தாது. இன்னொன்று, தனியாக இருக்கும்போது நெஞ்சு வலித்தால் பலமாக இருமிக்கொண்டே இருந்தால் இதயம் நிற்காது என்று வாட்ஸப்பில் வருஷா வருஷம் சுற்றும் செய்தி இருக்கிறதே, அதைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்த நேரத்தில் 108க்குப் போன் செய்ய வேண்டும்.

ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அமுக்குபவர் மாற வேண்டும், எனக்குக் களைப்பே இல்லை என்று சொன்னாலும். களைப்பு தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடுகிறது, நமக்கே தெரியாது. மாறும்போது இடைவெளி 10 நொடியைத் தாண்டக் கூடாது. அந்த நேரத்தில்தான் மானிட்டரைப் பார்ப்பதும் ஷாக் தேவையா என்று முடிவெடுப்பதும். எல்லா நின்றுபோன இதயத்துக்கும் ஷாக் கிடையாது, சினிமாவில் நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பது வெறும் சினிமா. இதயம் ஒழுங்கில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தாலோ, நாடியே இல்லாமல் கீழறை மட்டும் தாறுமாறான வேகத்தில் ஓடினாலோதான் ஷாக். நேர்கோட்டுக்கும், கோடு ஓடியும் நாடி இல்லாத நிலைக்கும் அமுக்கலும் அட்ரினலின் ஊசியும் காரணத்தைத் தேடுவதும்தான். ஷாக் வேண்டுமா என்று தானே பார்த்துச் சொல்லும் ஏஇடி கருவி இருந்தால் நர்ஸே தயங்காமல் மாட்டலாம், அது தேவையில்லாத இடத்தில் ஷாக் கொடுக்க விடாது. ஷாக் கொடுத்த மறுநொடி திரும்பவும் நெஞ்சில் கை, திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது கூடாது. அட்ரினலின் 1 மில்லிகிராம், மூன்றிலிருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, போட்டதும் 20 மில்லி சலைன் தள்ளி அந்தக் கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து முழங்கையிலேயே நின்றுவிடும்.

நம்ம பக்கத்துக்கென்று சில விஷயங்கள் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டுவிரியன் கடி. தரையில் பாய் விரித்துத் தூங்குபவரை ராத்திரியில் கடிக்கும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, விடிகாலையில் இமை தொங்கும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். இவருக்கு நாடி இருக்கும், மூச்சு இருக்காது. நெஞ்சை அமுக்க வேண்டியதில்லை, ஆம்பு பேக்கால் 6 நொடிக்கு ஒரு மூச்சு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை நாடியைச் சரிபார்க்க வேண்டும். கண்ணைத் திறக்க முடியாமல், அசையாமல் கிடப்பார், ஆனால் நாம் பேசுவது அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம், அதனால் “ஆள் அவ்வளவுதான்” என்று யாரும் தலைமாட்டில் நின்று பேச வேண்டாம். பேக்கை விடாமல் பிடித்து வெண்டிலேட்டர் இருக்கும் இடம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தால் முழுசாக எழுந்து நடப்பவர்கள் இவர்கள்.

ஊருணியில் மூழ்கியவர் வந்தால் காற்றில்லாமல்தான் இதயம் நின்றிருக்கும், அவருக்கு மூச்சு முதலில், அப்புறம் அமுக்கல். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுகிறேன் என்று தலைகீழாகப் பிடிப்பதெல்லாம் வேண்டாம். தொப்புளுக்கு மேல் வயிறு வந்துவிட்ட கர்ப்பிணி என்றால் ஒருவர் கர்ப்பப்பையை இடப்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும், மல்லாந்து படுத்தால் அது பெரிய ரத்தக்குழாயை அடைத்துவிடும். குழந்தைகளுக்கு, செய்வதற்கு ரெண்டு பேர் இருந்தால் 15 அமுக்கலுக்கு 2 மூச்சு, ஆழம் நெஞ்சின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு.

இவ்வளவும் பாடத்தில் இருக்கிறதா என்றால், இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் திருத்திய பிஎஸ்சி பாடத்திட்டத்தில் உயிர்காப்புப் பயிற்சியைப் பாடத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் படித்தவர்கள், டிப்ளமா முடித்தவர்கள், ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்துப் பழகியவர்கள் என்று நம்ம வார்டுகளில் எல்லா வகையும் உண்டு. ஆனால் நான் பார்த்தவரை படிப்பு இங்கே பெரிய வித்தியாசம் செய்வதில்லை. ஒரு தடவை கற்ற சிபிஆர் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் கையை விட்டுப் போக ஆரம்பித்துவிடும், சர்டிபிகேட் ரெண்டு வருஷம் செல்லும் என்று போட்டிருந்தாலும். எழுத்துத் தேர்வில் மார்க் வாங்குபவர் பொம்மையில் 3 சென்டிமீட்டர்தான் அமுக்குவார். வருஷத்துக்கு ஒருநாள் மதுரையிலிருந்து ஆளை வரவழைத்து, ஹாலில் பேனர் கட்டி, சமோசா கொடுத்து, நூறு பேரை உட்கார வைத்து நடத்தும் பயிற்சியைவிட, மாதம் ஒரு தடவை ஷிஃப்ட் மாறும்போது வார்டிலேயே ஒரு பொம்மையைக் கட்டிலில் போட்டு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் அமுக்கவிட்டால் நூறு மடங்கு பிரயோஜனம். அழுத்தத்தின் ஆழத்தைக் கிளிக் சத்தத்தில் காட்டும் பொம்மை இருந்தால் இன்னும் நல்லது, பக்கத்து நர்சிங் காலேஜில் கேட்டால் பெரும்பாலும் இரவல் கிடைக்கும்.

கை பழகிய பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது: தயக்கம். “டாக்டர் வரட்டும்.” இது பயத்தில் வருகிற வார்த்தை. செய்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது, சொந்தக்காரர்கள் “சிஸ்டர்தான் நெஞ்சைக் குத்திக் கொன்னுட்டாங்க” என்று கத்தினால் நிர்வாகம் கூட நிற்குமா. இந்தப் பயம் பொய்யானதில்லை. அதனால் இந்த இடத்தில் நர்ஸைத் திட்டிப் புண்ணியமில்லை, ‘நாடி இல்லையென்றால் யாரையும் கேட்காமல் சிபிஆர் தொடங்கலாம், தொடங்கியே ஆக வேண்டும்’ என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்து நர்ஸ் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒட்ட வேண்டும். நின்றுபோன இதயத்தை அமுக்கி யாரையும் கொல்ல முடியாது என்பதைச் சொந்தக்காரர்களுக்கு டாக்டர்தான் சொல்ல வேண்டும், சிஸ்டரை முன்னால் தள்ளிவிட்டு உள்ளே போய்விடக் கூடாது.

எமர்ஜென்சி டிரேயைத் திறந்து பார்த்தால் ஒரு வார்டின் லட்சணம் தெரிந்துவிடும். ஆம்பு பேக் இருக்கும், மாஸ்க் குழந்தை சைஸில் இருக்கும். ஆக்சிஜன் சிலிண்டர் முழுசாக இருக்கும், திறக்கிற சாவி பக்கத்து வார்டில் இருக்கும். டியூப் போடத் தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பில் பல்பு மினுக்கும், பேட்டரி தீர்ந்திருக்கும். எல்லாம் சரியாக இருக்கும், டிரே பீரோவுக்குள் பூட்டியிருக்கும். ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது பேட்டரியைப் போட்டுப் பார்ப்பது, சாவியைக் கயிற்றால் சிலிண்டரிலேயே கட்டிவிடுவது, சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் ஓடுகிறதா என்று ஒரு தடவை தட்டிப் பார்ப்பது, இதற்கெல்லாம் எந்த பட்ஜெட்டும் வேண்டாம்.

இதயம் நிற்பதற்கு முன்பே பிடித்துவிட்டால் இந்த ஓட்டம் எதுவும் வேண்டாம். வார்டில் நிற்கும் இதயங்களில் பலவற்றுக்குச் சில மணி நேரம் முன்பிருந்தே அறிகுறி இருக்கும், அதிலும் மூச்சு எண்ணிக்கை முதலில் மாறும். நம்ம சார்ட்டுகளைப் புரட்டினால் எல்லா நோயாளிக்கும் எல்லா வேளையும் மூச்சு ‘20’ என்றே இருக்கும்! யாரும் எண்ணுவதில்லை, முந்தைய ஷிஃப்ட் எழுதியதைப் பார்த்து எழுதுகிறோம். நெஞ்சைப் பார்த்து முழு நிமிஷம் எண்ணினால் 28 என்று வரும், அப்போதே டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம்.

எல்லோருக்கும் சிபிஆர் செய்துதான் ஆக வேண்டுமா என்ற கேள்வியும் நம்ம ஊரில் அடிக்கடி வரும். மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில், இங்கே வீட்டில் தனியாக இருக்கும் தொண்ணூறு வயசு ஆச்சி, பல நோய்கள் முற்றிய நிலை. கூட இருப்பது சமையல்காரம்மா. இதயம் நின்றால் என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டிப் பேசியிருக்க மாட்டார்கள், நின்ற பிறகு வீடியோ காலில் மகனைப் பிடித்துக் கேட்பார்கள், அவர் அழுதுகொண்டே “எதாவது பண்ணுங்க” என்பார். இதயம் நின்றால் மீட்பு முயற்சி வேண்டாம் என்பதை எப்படி முடிவெடுப்பது, எப்படி எழுதுவது என்று 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வழிமுறை வெளியிட்டிருக்கிறது. டாக்டரும் குடும்பமும், நினைவோடு இருந்தால் நோயாளியும், முன்னாலேயே பேசி, படிவத்தில் எழுதி, கேஸ் ஷீட்டில் வைக்க வேண்டும். வீட்டு முகப்பில், தன் மனிதர்கள் மத்தியில் போக வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்பட்டால் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நேரமும் அதுதான். அப்படி எழுத்தில் இல்லாதவரை நர்ஸுக்குக் குழப்பமே வேண்டாம், நின்றால் அமுக்க வேண்டும். பார்ப்பவர்கள் சமாதானத்துக்காக மெதுவாக அமுக்கி நடிப்பது மட்டும் கூடவே கூடாது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் நிறையப் பேர் பிழைப்பதில்லை. வசதியான அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலேயே உள்ளே இதயம் நின்றவர்களில் நாலைந்து பேரில் ஒருவர்தான் வீடு திரும்புகிறார். புதிதாக வந்த நர்ஸ் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, முதல் நோயாளி போய்விட்டால் தன் கைதான் காரணம் என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நாடி திரும்பிவிட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் மறுபடி நிற்க வாய்ப்பு அதிகம், கட்டிலை விட்டு நகரக் கூடாது. பிபி, ஆக்சிஜன், சுகர், ஈசிஜி எல்லாவற்றுக்கும் இப்போதுதான் நேரம். மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்புவதாக இருந்தால் வழியில் ஒன்றரை மணி நேரம் ஆகும், ஆம்புலன்ஸில் அமுக்கத் தெரிந்த ஒருவரும் ஆம்பு பேக்கும் கூடப் போக வேண்டும், சொந்தக்காரர்களை மட்டும் ஏற்றி அனுப்புவது அனுப்பாததற்குச் சமம். எத்தனை மணிக்கு நின்றது, முதல் அமுக்கல் எப்போது, எத்தனை ஷாக், அட்ரினலின் எந்தெந்த நேரம் என்பதை ஒருவர் அப்போதைக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும். தாள் கிடைக்கவில்லையென்றால் படுக்கை விரிப்பின் ஓரத்திலோ கையுறையிலோ பேனாவால் எழுதிவைத்து அப்புறம் கேஸ் ஷீட்டில் ஏற்றிக்கொள்ளலாம், அங்கே இவரைப் பொறுப்பெடுக்கும் டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்த நேரங்களைத்தான்.